லிங்கன் பள்ளியின் ஜாக்கி

பெண்களுக்கான ஹெப்டத்லான் போட்டியின் உலகச் சாதனை 7,291 புள்ளிகள். 1988 செப்டம்பரில் சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீராங்கனை ஜாக்கி ஜாய்னர்-கெர்சி படைத்தது. இரண்டு நாளில் ஏழு போட்டிகளை முடிக்க வேண்டிய இந்தக் கடும் பந்தயத்தில், அவருக்குப் பின் வந்தவர்களில் மிகச் சிறந்தவர்களுள் ஒருவரான சுவீடனின் கரோலினா க்ளூஃப்ட் 2007இல் எட்டிய உச்சமே 7,032தான். இடைவெளி 259 புள்ளிகள்.

ஜாக்கியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தையும், பயிற்சியாளராக வந்து பின்னர் கணவரான பாப் கெர்சியையும் முன்னிறுத்துகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சாதனைக்கான அடித்தளம் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் நகரின் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் போடப்பட்டுவிட்டது என்பதே என் துணிபு. ஒரே ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளாமல் கிடைத்த ஆட்டங்களையெல்லாம் ஆடிய பள்ளிச் சிறுமியாக அவர் இருந்ததுதான் பிற்கால வெற்றிகளுக்கெல்லாம் வேர்.

ஈஸ்ட் செயின்ட் லூயிஸ், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில், இல்லினாய் மாநிலத்தில் இருக்கிறது. இறைச்சித் தொழிற்சாலைகளும் ரயில் பாதைகளும் வாழவைத்த ஊர். அத்தொழில்கள் நலிந்ததும் வறுமையில் விழுந்தது. அங்கே 1962 மார்ச் 3 அன்று ஜாக்கி பிறந்தார். அப்போதைய அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலின் பெயரையே குழந்தைக்கு வைக்கச் சொன்னவர் பாட்டி. இவளும் ஒருநாள் ஏதோ ஒன்றில் நாட்டின் முதல் பெண்மணியாவாள் என்று அவர் நம்பினார். பெற்றோர் பதின்ம வயதிலேயே மணந்துகொண்டவர்கள். தாய் மேரி, செவிலியர்களுக்கு உதவியாளராக வேலை பார்த்தவர். படிப்பிலும் ஒழுங்கிலும் கண்டிப்பானவர்.

வீட்டுக்கு அருகே மேரி பிரவுன் சமுதாய மையம் இருந்தது. நடனம், நூலகம், ஓட்டப் பயிற்சி எல்லாம் அங்கே கிடைத்தன. ஒன்பது வயதில் ஜாக்கி அங்கே ஓடத் தொடங்கினார். முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தார். நீளம் தாண்டுதல் மீது ஆசை பிறந்ததும், தங்கைகள் பூங்காவிலிருந்து சிப்ஸ் பைகளில் மணல் அள்ளிவந்து வீட்டு முற்றத்தில் கொட்ட, திண்ணையிலிருந்து அதில் குதித்துப் பழகினார். பிற்காலத்தில் 7.49 மீட்டர் தாண்டிய கால்கள் முதலில் இறங்கியது அந்த மணலில்.

காலம் அவருக்குக் கைகொடுத்ததையும் சொல்லியாக வேண்டும். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் 1972இல் வந்தது. அப்போது ஜாக்கிக்கு வயது பத்து. இல்லினாயில் பள்ளி மாணவியருக்கான மாநிலத் தடகளப் போட்டி 1973இல்தான் தொடங்கியது. கூடைப்பந்துப் போட்டி 1977இல். ஜாக்கி லிங்கன் பள்ளியில் படித்து வெளியேறியது 1980இல். பத்தாண்டு முன்னால் பிறந்திருந்தால் இதே கால்களுக்கு மாநிலப் போட்டி என்று ஒன்றே இருந்திருக்காது. அந்த ஊரில் அப்படி அடையாளமின்றிப் போன அக்காமார் எத்தனை பேரோ!

லிங்கனில் அவர் ஆடியவை மூன்று: வாலிபால், கூடைப்பந்து, தடகளம். அமெரிக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆண்டில் ஒரு பருவம் உண்டு. ஒன்றின் பருவம் முடிந்ததும் அடுத்தது தொடங்கும். ஒரு மாணவி மூன்று அணிகளிலும் இடம்பெற அந்த ஏற்பாடே வழிவிட்டது. பதினான்கு வயதில், ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானில் தேசிய இளையோர் பட்டத்தை வென்றவர், தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளியின் கடைசிக்கு முந்தைய ஆண்டில் நீளம் தாண்டுதலில் மாநிலப் பள்ளிச் சாதனை படைத்தார். படிப்பிலும் பின்தங்கவில்லை, வகுப்பின் முதல் பத்து விழுக்காட்டினருள் ஒருவராகவே பள்ளியை முடித்தார். தடகளப் பயிற்சியாளர் நீனோ ஃபென்னாய் பதக்கத்தோடு நின்றுவிடாமல், படிப்பும் விளையாட்டும் சேர்ந்துதான் இந்தப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே கொண்டுசெல்லும் என்று நம்பியவர். அவர் பெயர் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டும்.

இத்தனை ஆட்டங்களை ஒருத்தி ஆடலாம் என்ற துணிவை ஜாக்கிக்குத் தந்தது 1975இல் தொலைக்காட்சியில் வந்த ஒரு திரைப்படம். அது டெக்சாஸைச் சேர்ந்த பேப் டிட்ரிக்சனின் வாழ்க்கைக் கதை. பள்ளியில் கூடைப்பந்து ஆடி, 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கமும் உயரம் தாண்டுதலில் வெள்ளியும் வென்று, பிறகு கோல்ஃபிலும் கொடிகட்டிப் பறந்தவர் பேப்.

1980இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஜாக்கிக்கு உதவித்தொகை கொடுத்தது கூடைப்பந்துக்காகத்தான். மறு ஆண்டே தாய் மூளைக்காய்ச்சலால் இறந்தார். ஆஸ்துமா இருப்பதும் கல்லூரிக் காலத்தில்தான் தெரியவந்தது. பலவகைப் போட்டிகளில் அவருக்கிருந்த ஆற்றலைக் கண்ட பாப் கெர்சி, அவரை ஹெப்டத்லானுக்குத் தயார்செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் விடாப்பிடியாக நின்றார். ஆனாலும் ஜாக்கி கூடைப்பந்தைக் கைவிடவில்லை. 1984 ஒலிம்பிக்குக்காக ஒரு பருவம் ஒதுங்கியிருந்துவிட்டு மீண்டும் அணிக்குத் திரும்பினார்.

பெண்களுக்கான ஹெப்டத்லான் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1984இல். கடைசிப் போட்டியான 800 மீட்டரில் ஜாக்கியின் நேரம் 2 நிமிடம் 13.03 வினாடி. மைதானத்தின் உட்புறம் நின்று அண்ணன் ஆல் கத்திக் கத்தி உற்சாகப்படுத்தினார். ஆலுக்கு மும்முறைத் தாண்டுதலில் தங்கம் கிடைத்ததும் அதே நாளில்தான். தங்கைக்கோ ஐந்தே புள்ளிகளில் தங்கம் நழுவியது: ஆஸ்திரேலியாவின் கிளினிஸ் நன் 6,390, ஜாக்கி 6,385.

1986இல் மாஸ்கோவில் 7,148 புள்ளிகள் எடுத்து, ஏழாயிரத்தைத் தாண்டிய முதல் பெண்ணானார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹூஸ்டனில் அதை 7,158 ஆக்கினார். அடுத்து சியோல். அங்கே தடை ஓட்டம் 12.69 வினாடி, உயரம் 1.86 மீட்டர், குண்டு 15.80 மீட்டர், 200 மீட்டர் 22.56 வினாடி. மறுநாள் நீளம் 7.27 மீட்டர், ஈட்டி 45.66 மீட்டர், 800 மீட்டர் 2 நிமிடம் 8.51 வினாடி. இவற்றைப் பார்த்தால், எல்லாவற்றிலும் அவர் சமமாக ஓங்கி நிற்கவில்லை என்பது தெரியும். ஈட்டியில் அவரை மிஞ்சியோர் பலர். ஆனால் வேகமும் எழும்பலும் கலந்த இடங்களில், ஆண்டுக்கணக்கில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எம்பியவரின் கால்வலு தெரிகிறது. நான்கு ஆண்டுக்கு முன் தங்கத்தைப் பறித்த அதே 800 மீட்டரில் அவர் குறைத்திருந்தது நாலரை வினாடி. அதை உழைப்பால் வாங்கினார் என்றே சொல்ல வேண்டும். சில நாளில் நீளம் தாண்டுதலிலும் 7.40 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார்.

1992இல் பார்சிலோனாவில் மறுபடியும் ஹெப்டத்லான் தங்கம், நீளத்தில் வெண்கலம். 1996 அட்லாண்டாவில் தொடைத்தசைக் காயத்தால் ஹெப்டத்லானிலிருந்து விலக நேர்ந்தது. கட்டுப்போட்ட காலோடு நீளம் தாண்டவந்து, கடைசி முயற்சியில் ஏழு மீட்டரைத் தொட்டு வெண்கலம் வாங்கினார். அப்போது வயது 34. அதே ஆண்டு, பெண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ரிச்மண்ட் அணிக்கு ஆடப் போனார். பள்ளியில் பிடித்த பந்தை அவர் விட்டதே இல்லை. 2000இல், தான் வளர்ந்த ஊரிலேயே பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டு மையத்தையும் திறந்தார்.

இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களிடமும் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியிலும் கபடியும் ஆடி, வாலிபாலும் ஆடி, தடகளத்திலும் பெயர் கொடுக்கும் ஒரு மாணவி இருப்பாள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்று எட்டாம் வகுப்பிலேயே அவளிடம் சொல்லாதீர்கள். குறுவட்டப் போட்டிகளின் தேதிகள் மோதினால் அமைப்பாளர்களிடம் பேசிப் பாருங்கள். அவள் பெயரை ஒரு பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் அவளுடைய பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.