ஊவாவும் ஹெலிகொப்டர் படையினரும்

வியட்நாம் போர்க்கால ஹெலிகொப்டர் என்றால் பலருக்கும் நினைவில் எழுவது, அமெரிக்கச் சிப்பாய்களை நெல்வயலில் இறக்கிவிட்டு மேலெழும் ‘ஹியூயி’தான். அதை உருவாக்கிய பெல் நிறுவனத்தின் வேறு ரகங்கள் அதே ஆண்டுகளில் இலங்கை வானிலும் பறந்தன. அவற்றைச் சண்டைக்கு இழுத்த கிளர்ச்சியின் முதல் வெடி ஊவா மாகாணத்தில், மொனராகலை மாவட்டத்து வெல்லவாயவில் கேட்டது. ஆனால் அந்த ஹெலிகளை ஓட்டியவர்களில் மலையகத் தோட்டங்களைச் சேர்ந்தவர்களைத் தேடுவது வீண். அதற்குக் காரணம் வீரக்குறைவு அல்ல, குடியுரிமைச் சட்டம்.

ஊவாவுக்கும் படைகளுக்கும் உள்ள உறவு பழையது. பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில், புல்மலைகளுக்கு நடுவே, 1900ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை அடைத்துவைத்தார்கள். சுமார் 5,000 பேர் அங்கே இருந்தார்கள். இரு உலகப் போர்களிலும் அந்த முகாம் தடுப்புக்காவலுக்கும் ஓய்வுக்கும் பயன்பட்டது. சுதந்திரத்தின் பின் இலங்கை இராணுவத்தின் பயிற்சி நிலையம் அங்கேயே அமைந்தது. 1951 மார்ச் 2ஆம் திகதி றோயல் சிலோன் விமானப்படை பிறந்தபோது, அதில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான ஆரம்பப் பயிற்சியும் தியத்தலாவைக்கே வந்து சேர்ந்தது. விமானங்கள் நின்றது கட்டுநாயக்கவிலும் சீனன்குடாவிலும். அவற்றுக்கு வேண்டிய மனிதர்கள் உருவானது இந்தக் குளிர்மலையில்.

புதிய படையின் முதல் ஹெலிகொப்டர்கள் பிரித்தானியத் தயாரிப்பான வெஸ்ட்லாண்ட் டிராகன்ஃபிளை ரகத்தவை, இரண்டே இரண்டு. அவற்றின் பெரிய சோதனை போரில் வரவில்லை, மழையில் வந்தது. 1957 டிசம்பரில் கிழக்கே குளங்கள் உடைந்து ஊர்கள் மூழ்கின. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுத்து இங்கினியாகலையை நோக்கி இறங்கும் கல் ஓயாவின் பள்ளத்தாக்கும் அந்த வெள்ளத்தில் தப்பவில்லை. இரண்டு இயந்திரங்களால் சமாளிக்கக்கூடிய அளவா அது? அமெரிக்கக் கடற்படையின் ‘பிரின்ஸ்டன்’ கப்பல் ஹெலிகொப்டர்களோடு வந்து உணவும் மருந்தும் இறக்கியது. அதே பிரின்ஸ்டன்தான் 1962 ஏப்ரலில் அமெரிக்க மரைன் படையின் ஹெலிகொப்டர் அணியொன்றைத் தென் வியட்நாமின் சொக் ட்ராங்கில் இறக்கியது. அங்கே தொடங்கிய மரைன் ஹெலி அணிகளின் பணி பல ஆண்டுகள் நீடித்தது. இலங்கையில் அரிசி மூட்டை சுமந்த கப்பலின் தளத்திலிருந்து நான்கே ஆண்டுகளில் போர் புறப்பட்டதை வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

வியட்நாமில் ஹெலிகொப்டர் போரின் வண்டியானது. ஹியூயியில் வழக்கமாக நால்வர்: முன்னால் இரண்டு விமானிகள், பின்னால் இயந்திரத்தைப் பராமரித்துக்கொண்டே ஒரு பக்கத் துப்பாக்கியையும் பிடிக்கும் குழுத் தலைவர், மறுபக்கக் கதவில் இன்னொரு துப்பாக்கிக்காரர். காயப்பட்டவர்களை ஏற்றச் செல்லும் மருத்துவ ஹெலிகளுக்கு ‘டஸ்ட்ஆஃப்’ என்று பெயர் விழுந்தது. அந்தப் பணிக்கு இலக்கணம் வகுத்த மேஜர் சார்ல்ஸ் கெல்லி, சூட்டுக்கு நடுவே காயப்பட்டவர்களை ஏற்றப்போய் 1964 ஜூலை 1ஆம் திகதி கொல்லப்பட்டார். போர் முழுவதிலும் அமெரிக்கா பயன்படுத்திய சுமார் 12,000 ஹெலிகொப்டர்களில் 5,000க்கு மேற்பட்டவை அழிந்தன.

இலங்கைக்கு அந்த அலையின் சிறு துளி மட்டும் வந்தது. 1960களின் பிற்பகுதியில் விமானப்படை சில பெல் 206 ஜெட்ரேஞ்சர்களை வாங்கியது. இவை போருக்கென வாங்கப்பட்டவை அல்ல. அன்றைய இலங்கைப் படைகள் பெரும்பாலும் அணிவகுப்புக்கும் வேலைநிறுத்தக் காவலுக்கும் பழகியவை.

1971 ஏப்ரல் 5ஆம் திகதி இரவு நாடெங்கும் பொலிஸ் நிலையங்களை ஒரே நேரத்தில் தாக்குவது மக்கள் விடுதலை முன்னணியின் திட்டம். வெல்லவாயவில் மட்டும் தாக்குதல் அன்று விடிகாலையிலேயே நடந்துவிட்டது. அதனால் மற்ற நிலையங்களுக்கு எச்சரிக்கை போனது. திடீர்த் தாக்குதலின் பலத்தில் பெரும்பகுதி அங்கேயே போயிற்று. ஆனாலும் அன்றிரவும் அடுத்த நாட்களிலும் பல பொலிஸ் நிலையங்கள் விழுந்தன, பல கைவிடப்பட்டன. வீதிகளில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. எஞ்சிய நிலையங்களுக்குத் தோட்டாவும் ஆட்களும் போகத் தரைவழி இல்லாதபோது, ஜெட்ரேஞ்சர்களின் வேலை தொடங்கியது.

அன்றைய விமானப்படைத் தளபதி பெடி மென்டிஸின் கையில் இருந்தது சின்னஞ்சிறு படை. சீனன்குடாவில் மூடிவைக்கப்பட்டிருந்த ஜெட் புரோவொஸ்ட் விமானங்களை அவசரமாகத் தயார்செய்து குண்டுவீச அனுப்பினார்கள். சாமான் ஏற்றவும் ஆட்களைக் கொண்டுபோகவும் டவ் விமானங்களும் ஹெலிகளும் ஓய்வில்லாமல் பறந்தன. வெளிநாட்டு உதவி வந்த விதம் விசித்திரமானது. அமெரிக்காவிடம் வாங்கிய ஆறு பெல் 47 ஹெலிகொப்டர்களைப் பிரித்தானிய விமானப்படையின் சரக்கு விமானம் கொண்டுவந்து இறக்கியது. நான்கே நாள் பயிற்சியோடு விமானிகள் அவற்றைச் சண்டைக்குக் கொண்டுபோனதாகப் பதிவு உண்டு. சோவியத் ஒன்றியம் காயப்பட்டவர்களை ஏற்ற இரண்டு கமோவ் கேஏ-26 ஹெலிகளை அனுப்பியது. இந்தியாவிலிருந்து சேத்தக் ஹெலிகள் தங்கள் விமானிகளோடு வந்தன. பாகிஸ்தானும் ஹெலி அனுப்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒன்றையொன்று தாக்கவிருந்த இரு நாடுகளின் விமானிகள் ஏப்ரலில் ஒரே அரசுக்காக ஒரே தீவில் பறந்தார்கள். பனிப்போரில் எதிரெதிரே நின்ற வாஷிங்டனும் மொஸ்கோவும் அந்த ஒரு மாதம் ஒரே பக்கம் நின்றன.

பெல் 47 கொரியப் போரில் காயப்பட்டவர்களைத் தூக்கிப் பேர்பெற்ற ரகம். கண்ணாடிக் குமிழ் போன்ற முகப்பு, பிஸ்டன் இயந்திரம். இத்தகைய இயந்திரத்துக்கு மலை ஆகாது. உயரம் கூடக்கூடக் காற்று மெலியும், இயந்திரத்தின் வலு குறையும், சுழலிக்குக் கிடைக்கும் தூக்கும் விசையும் குறையும். தியத்தலாவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீற்றர் உயரம். ஹப்புத்தளை அதற்கும் மேலே. போதாததற்கு, ஹப்புத்தளையின் கணவாயில் தெற்கேயுள்ள தாழ்நிலத்திலிருந்து ஏறிவரும் காற்றும் மேகமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சமவெளியில் நான்கு நாளில் பழகிய ஒருவர் இந்த மலையில் எப்படிப் பறப்பார் என்று எண்ணிப் பார்த்தாலே அந்த மாதத்தின் அவசரம் விளங்கும்.

இதற்குள் இன்னொரு கதை உண்டு. மக்கள் விடுதலை முன்னணி தன் உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. தோட்டத் தமிழர்களை அந்த விஸ்தரிப்பின் கருவியாகவே அது பார்த்தது. ஆகவே கிளர்ச்சிக்காரர் பக்கம் தோட்டத்தொழிலாளருக்கு இடமில்லை. அரசின் பக்கமும் இடமில்லை: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்பதாக ஒத்திவைத்தது. 1971இல் பதுளை, பசறை, ஹாலிஎல, நமுனுகுலைப் பக்கத்து லயங்களில் இருந்தவர்கள் பலர் கடவுச்சீட்டுக்கும் கப்பலுக்கும் காத்திருந்தவர்கள். நாட்டின் பிரசையாக இல்லாதவர் விமானப்படையில் எப்படிச் சேர்வார்? 1962ஆம் ஆண்டின் இராணுவச் சதி முயற்சிக்குப் பின் படைகளின் உயர்பதவிகளில் சிறுபான்மையினரின் பங்கும் சுருங்கிக்கொண்டே வந்தது. மேலே பறந்த ஹெலியின் உள்ளே யார், எந்தப் பக்கம் என்பது கொழுந்து பறிப்பவர்களுக்குச் செய்தியாக மட்டும் வந்தது.

கிளர்ச்சி அடங்கியதும் ஹெலிகளுக்கு வேலை குறைந்தது, காசும் குறைந்தது. 1972இல் நாடு குடியரசாகி, விமானப்படையின் பெயரிலிருந்து ‘றோயல்’ போனது. அதே காலத்தில் 4ஆம் இலக்க ஹெலிகொப்டர் அணி, ‘ஹெலிடுவர்ஸ்’ என்ற பெயரில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்கத் தொடங்கியது. சண்டைக்குப் போன விமானிகள் சுற்றுலாக்காரருக்கு நாட்டைச் சுற்றிக்காட்டினார்கள். வியட்நாமில் போர் முடியுமுன்பே, இங்கே போர் ஹெலி டொலர் சம்பாதிக்கப் போய்விட்டது.

1980களில் ஹெலி மீண்டும் படைக்குத் திரும்பியது. வடகிழக்குப் போருக்காக வாங்கப்பட்ட பெல் 212, ஹியூயியின் இரட்டை இயந்திர வாரிசு. அதன் கதவில் துப்பாக்கி பூட்டினார்கள், பக்கவாட்டில் ரொக்கெட்டும் பூட்டினார்கள். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் எம்ஐ-8 ஹெலிகளால் படையினரை இறக்கியது வியட்நாம் பாணியிலான ஒரு நடவடிக்கை. இறங்கிய சீக்கியப் படைப்பிரிவுச் சிப்பாய்களில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். ஊவாவின் லயங்களிலோ 1983 ஜூலை இனவன்முறையின் அச்சம் இன்னும் ஆறாதிருந்தது. 1980களின் இறுதியில் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாம் கிளர்ச்சி வந்தபோது ஊவாவும் பெரும் விலை கொடுத்தது.

படையிலிருந்து வந்தவர்கள் எப்படி ஒன்றுகூடினார்கள் என்பதில்தான் இலங்கை அமெரிக்காவிலிருந்து பெரிதும் விலகுகிறது. அமெரிக்காவில் 1980களில் வியட்நாம் ஹெலிகொப்டர் விமானிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அது விமானிகளுக்கு மட்டும் என்பதால், பின்னால் அமர்ந்து பறந்த குழுத் தலைவர்களும் துப்பாக்கிக்காரர்களும் தமக்குத் தனிச் சங்கம் கண்டார்கள். விமானிகள் சங்கம் பொழுதுபோக்குக் கூட்டமாக நிற்கவில்லை. ஒவ்வொரு ஹெலியின் வால் இலக்கத்தையும் தேடி எடுத்து, அது எங்கே பறந்தது, எங்கே விழுந்தது, உள்ளே யார் இருந்தார் என்று பதிந்தது. அரச ஆவணத்தில் வெறும் எண்ணாக இருந்தவர்களின் குடும்பங்களுக்கு அதிலிருந்து விவரம் கிடைத்தது. ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் 2018 ஏப்ரலில் ஹெலிகொப்டர் விமானிகளுக்கும் குழுவினருக்கும் நினைவுக்கல் நட்டதும் அந்தச் சங்கத்தின் முயற்சியே.

இலங்கையின் சங்க மரபு வேறு ஊற்றிலிருந்து வருகிறது. 1900இல் தொடங்கிய சிலோன் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஐரோப்பியரை மட்டும் சேர்த்தது. முதல் உலகப் போரில் அதன் சுமார் 230 பேர் எகிப்துக்குப் போனார்கள். கலிபோலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலாக நின்றவர்களும் அவர்களில் உண்டு. நவம்பர் 11இல் விற்ற பொப்பிப் பூவின் பணம் பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போகிறது என்று கோபப்பட்ட ஈலியன் பெரேரா, இலங்கை முன்னாள் படையினருக்காகச் சூரிய மலர் விற்பனையைத் தொடங்கினார். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுத்துப் பேரரசு எதிர்ப்பு இயக்கமாக்கினார்கள். முன்னாள் சிப்பாய்களின் வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை சுதந்திர அரசியலின் விதையானது இலங்கை வரலாற்றின் சுவையான திருப்பங்களில் ஒன்று. துரைமார் படை 1949இல் கலைக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் நிர்வகித்த தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் அதற்கு முந்திய ஆண்டே குடியுரிமை இழந்திருந்தார்கள்.

இன்று முன்னாள் படையினருக்குப் பல சங்கங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேர்கொண்ட இலங்கை முன்னாள் படைச்சேவையாளர் சங்கம் அவற்றில் மூத்தது. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை என்ற அரச நிறுவனமும் வந்தது. இவற்றை இணைக்கும் சரடு படையும் ஓய்வூதியமும் அரசின் சலுகையும்தான். ஹெலியின் வால் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு கதை தேடும் வேலை இங்கே எவருடைய பொறுப்பாகவும் வளரவில்லை. ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் பழைய ஹெலிகொப்டர்கள் நிற்கின்றன. ஆனால் 1971இன் பெல் 47 ஒன்றில் யார் யார் பறந்தார்கள், எதை ஏற்றினார்கள், கீழே எதைக் கண்டார்கள் என்ற வாய்மொழிச் சேகரிப்பு அமெரிக்க அளவில் நடக்கவில்லை. அந்தக் கிளர்ச்சியில் இறந்தவர் தொகையே அரசு சொன்ன சுமார் 1,200க்கும் மற்றவர்கள் சொல்லும் பல ஆயிரங்களுக்கும் நடுவே ஊசலாடும்போது, அந்தச் சாட்சியங்களின் பெறுமதி கொஞ்சமல்ல.

ஊவாவில் இன்று ஹெலியைப் பார்க்கும் காரணம் பெரும்பாலும் தீயும் மண்சரிவும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊவாவில் கச்சான் வரண்டு வீசும்; எல்ல, பண்டாரவளை, தியத்தலாவைப் பக்கத்துப் பத்தனைப் புல்மலைகளில் யாரோ வைத்த நெருப்பு ஓடும். அப்போது பெல் 212 ஒன்று கயிற்றில் நீர் வாளியைத் தொங்கவிட்டு, அருகிலுள்ள நீர்நிலையில் முக்கி எடுத்துவந்து கொட்டும். வாளியின் பாரம் ஊஞ்சலாடும் நிலையில் மலைக்காற்றுக்கு எதிராக ஹெலியை ஓரிடத்தில் நிறுத்துவது, போர்ப்பறப்புக்குச் சற்றும் குறையாத வித்தை.

மண்சரிவில் ஹெலியால் செய்யக்கூடியது குறைவு. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, 2005இலும் 2011இலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுத்த எச்சரிக்கைகள் பேச்சுக்கு வந்தன. மண்ணுக்கடியில் போனவர்களை மேலிருந்து எவராலும் தூக்க முடியாது; இராணுவத்தினர் மண்வெட்டியோடும் பெக்கோ இயந்திரங்களோடும் தோண்டினார்கள்.

2025 நவம்பர் 28இல் டித்வா புயல் கரையேறியபோது பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் சரிந்தன. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். வீதிகள் அறுந்ததால் ஹெலி மட்டுமே போகக்கூடிய ஊர்கள் பல. இந்திய விமானப்படையின் எம்ஐ-17களும், கொழும்புக்கு வந்திருந்த விக்ராந்த் கப்பலின் சேத்தக்குகளும் மீட்பில் இறங்கின. பாகிஸ்தான் கடற்படைக் கப்பலின் ஹெலியும் பறந்தது. நவம்பர் 30இல் நிவாரணப் பணிக்குப் போன இலங்கை விமானப்படையின் பெல் 212 ஒன்று வென்னப்புவைக்கு அருகே லுணுவிலயில் ஆற்றில் விழுந்தது. அதன் விமானி உயிரிழந்தார்.

தோட்ட மக்களின் நாடற்ற நிலை 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் முடிவுக்கு வந்தது. தியத்தலாவைப் பயிற்சி முகாமின் வாசல் இப்போது சட்டப்படி அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் லயத்திலிருந்து விமானி ஆசனம் வரையுள்ள வழியில் தமிழ்மூல விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலைகளும், 1956க்குப் பின் படைகளில் வேரூன்றிய சிங்கள மொழி நடைமுறையும் இன்னும் குறுக்கே நிற்கின்றன.