துரும்பும் பந்தயமும்: வன்னிக் கரையோரச் சீட்டாட்டம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அதன் அரசர்களையும் போர்களையும் கொண்டு எழுதுவது மரபு. அக்கூட்டம் ஓய்ந்திருந்த வேளைகளில் என்ன செய்தது என்பதும் வரலாறேயாகும். முள்ளிவாய்க்கால் என்ற பெயரைக் கேட்டவுடன் 2009ஆம் ஆண்டு மே மாதம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், கிழக்கே பெருங்கடலும் மேற்கே நந்திக்கடலும் சூழ்ந்த அவ்வொடுங்கிய நிலப்பரப்பில் மீன்பிடித்தும் பயிரிட்டும் வாழ்ந்த மக்களுக்கு அவ்வாண்டுக்கு முன்னரும் நாட்கள் இருந்தன; பின்னரும் இருக்கின்றன. வாடைக்காற்றால் கடல் கொந்தளிக்கும் மாரிக்காலத்தில், தொழிலற்ற பகற்பொழுதுகளில், கரையோர வாடிகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் சீட்டாடுவது வடபுலக் கரையோரம் நெடுகிலும் உள்ள வழக்கம். அவ்விளையாட்டு எங்கிருந்து வந்தது, உலகெங்கும் பரவியுள்ள போக்கர் என்னும் சீட்டாட்டத்தோடு அதற்குள்ள ஒற்றுமையும் வேற்றுமையும் யாவை, விளையாட்டு எவ்விடத்திற் சூதாக மாறுகிறது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர்க்குச் சூது புதிதன்று. வல்லுப் பலகையும் கவறும் பழந்தமிழ் இலக்கியத்திற் பேசப்படுகின்றன. நாட்டை இழந்த நளனின் கதையைப் புகழேந்தியார் வெண்பாவிற் பாடினார். அதிவீரராம பாண்டியர் நைடதமாகச் செய்தார். பாண்டவர் சூதிலே தோற்றதைப் பாரதியார் 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்திற் பொருளாகக் கொண்டார். இக்கதைகளை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். நளனையும் தருமனையும் புலவர்கள் குறை கூறுவது அவர்கள் ஆடத் தெரியாதவர்கள் என்பதற்காக அன்று. தமக்கு மட்டும் உரியதல்லாத ஒன்றைப் பணயமாக வைத்தார்கள் என்பதற்காகவே. நாடு குடிகளுக்கும் உரியது. மனைவி எவருடைய உடைமையும் அல்லள். ஆட்டத்தின் தன்மையிலும் பணயத்தின் தன்மையே பெரிது என்பது இக்கதைகளின் உட்கிடை.

திருவள்ளுவர் சூதினை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே, 94ஆம் அதிகாரமாக வைத்தார். ஒரு புறம் மயக்கமும் மறுபுறம் நோய்தீர்ப்பும் நிற்க, நடுவே சூது நிற்பது ஈண்டு நோக்கற்பாலது. சூதிற் பெறும் வெற்றியும் தூண்டில் இரும்பை இரையென்று மீன் விழுங்கியது போன்றதே என்பது அவர் தரும் உவமை. மீனவர் குடியிருப்புகளில் இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை.

கவறு நம்முடையது, சீட்டோ கடல் கடந்து வந்தது. அதற்குச் சொற்களே சான்று. சீட்டுக்கட்டிலுள்ள நான்கு இனங்களைத் தமிழ்நாட்டார் ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் எனப் பெரிதும் ஆங்கிலத்தை ஒட்டி வழங்க, ஈழத்துப் பழைய வழக்கில் ஆடுதன், உருவிதன், கிளாவர், இஸ்கோப்பன் என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. இடத்துக்கு இடம் ஒலி சிறிது வேறுபடினும் மூலம் ஒன்றே. ஒல்லாந்த மொழியில் இவை முறையே ஹார்ட்டன், ரொய்ட்டன், கிளாவர், ஸ்கொப்பன் ஆகும். சிங்களத்தில் வழங்கும் ஹாரத, ரூவித, கலாபர, இஸ்கோப்ப என்பனவும் அதே ஊற்றிலிருந்து பிறந்தவை. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1795 வரை ஆண்டனர். வன்னியை முற்றாக அடிப்படுத்த அவர்களால் 1782இலேயே இயன்றது. முல்லைத்தீவு அதன் பின்னர் அவர்களுடைய வன்னி நிர்வாகத்தில் முதன்மையான இடமாயிற்று. 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியபோது அங்கிருந்தது ஆங்கிலேயர் படை. ஒல்லாந்தர் ஆட்சி மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆட்சி மறைந்தது, ஆட்டத்தின் சொற்கள் மறையவில்லை.

துரும்பு என்ற சொல்லும் இவ்வகையில் ஆராயத்தக்கது. மற்றைய இனங்களை வெட்டும் ஆற்றல் பெற்ற இனத்தைத் துரும்பு என்கிறோம். போர்த்துக்கேயரின் திருன்ஃபு, ஒல்லாந்தரின் துரூஃப், ஆங்கிலேயரின் டிரம்ப் ஆகிய மூன்றும் வெற்றி என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. தமிழிலோ துரும்பு என்பது காற்றில் அடிபடும் சிறு வைக்கோல். ஆட்டத்தில் யாவற்றையும் வெல்லும் சீட்டுக்கு, நம் மொழியில் யாதும் பெறாத பொருளின் பெயர் தற்செயலாக அமைந்துவிட்டது.

இனி, நம்மவர் ஆடும் ஆட்டத்தை நோக்குவோம். வடக்கிலும் வன்னியிலும் பெரிதும் வழங்குவது முந்நூற்று நான்கு என்னும் ஆட்டம். பேச்சு வழக்கில் முன்னூற்றி நாலு. நால்வர் இருவர் இருவராகக் கட்சி சேர்ந்து, 32 சீட்டுகளைக் கொண்டு ஆடுவர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் 304 புள்ளிகள் என்பதே பெயர்க் காரணம். இராசாவையும் ஆசையும் ஜாக்கு வெல்வது புதியவர்க்கு வியப்பாக இருக்கும். ஐரோப்பாவில் துரும்பினத்தில் ஜாக்கையும் ஒன்பதையும் தலைமைச் சீட்டுகளாகக் கொள்ளும் யாஸ் என்னும் ஆட்டக் குடும்பம் உண்டு. அதனோடு இவ்வாட்டம் உறவுடையது என்று சீட்டாட்ட வரலாற்றாசிரியர் கருதுவர். கேரளத்தின் இருபத்தெட்டும் ஐம்பத்தாறும் இதன் உடன்பிறப்புகளே. அங்கே தோற்றவர் காதிற் குணுக்குத் தொங்கவிட்டு நகைப்புக்கு ஆளாதல் வழக்கம். பணயம் பணமன்று, சிறிது மானமே.

முதலில் நான்கு சீட்டுகள் மட்டும் வழங்கப்படும். அவற்றைப் பார்த்த அளவில் கேட்டல் தொடங்கும். கேள்வியின் தொடக்கம் 160. மொத்தப் புள்ளிகளிற் பாதி 152 ஆதலால், துரும்பு கேட்பவர் பாதிக்கு மேல் எடுத்துக் காட்டுவதாக வாக்களிக்கிறார். தாம் கருதிய துரும்பை அவர் கவிழ்த்து வைப்பார். மற்றையோர் அதனை ஊகித்தே ஆடவேண்டும். தம் கையில் இருப்பதை மறைத்தல், பிறர் கையில் இருப்பதை உய்த்துணர்தல், குறைந்த அறிவோடு உறுதி கூறத் துணிதல் ஆகிய மூன்றும் இவ்வாட்டத்தின் உயிர்.

போக்கரின் உயிரும் இவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களிலும் வளர்ந்த ஆட்டம் அது. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தைத் தெரிந்தெடுக்க 25,98,960 வழிகள் உண்டு. அரிதாக அமையும் கோவைக்கு மதிப்பு அதிகம் என்பதே அதன் அடிப்படை. இன்று பெருவழக்கிலுள்ள டெக்சாஸ் முறையில் ஒவ்வொருவர்க்கும் இரு சீட்டுகள் மறைவாகவும், யாவர்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் வெளிப்படையாகவும் அமையும். வலிய சீட்டில்லாதவனும் துணிந்து பந்தயத்தை உயர்த்தினால் மற்றையோர் அஞ்சி விலகலாம். இப்பொய்த் துணிவையும் கணிதத்துள் அடக்கலாம் என்று காட்டியவர் ஜோன் வொன் நொய்மன். அவரும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்னும் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாடு பற்றிய நூல் இன்று பொருளியல் மாணவர் யாவரும் அறிந்தது.

லாஸ் வேகாஸ் நகரில் 1970 முதல் போக்கருக்கு உலகத் தொடர் நடைபெற்று வருகிறது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், இணையவழிப் போட்டியொன்றிற் சிறுதொகை செலுத்தித் தகுதிபெற்று, அத்தொடரின் முதன்மைப் போட்டியில் வென்று 25 இலட்சம் டொலர் பெற்றார். தொழின்முறை ஆட்டக்காரர் அல்லாத ஒருவர் வென்ற செய்தி உலகெங்கும் எண்ணற்றோரை அவ்வாட்டத்தின்பால் ஈர்த்தது. வென்ற ஒருவரின் பெயர் யாவர்க்கும் தெரியும். அவரைப் பார்த்துப் பின்சென்று இழந்தவர்க்குப் பெயரில்லை.

விருப்புக்காக ஆடும் ஒருவன் இரு இடங்களில் இதனை ஆடக்கூடும்: நண்பர் வீடு ஒன்று, கசினோ எனப்படும் சூதாட்ட விடுதி மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கணக்கினால் விளங்கும். ஒன்பது பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயுடன் நண்பர் வீட்டில் அமர்ந்தால், விடியும்போதும் அவ்வீட்டில் ஒன்பதாயிரம் ரூபாய் இருக்கும்; கை மாறியிருக்கும், அவ்வளவே. அதே ஒன்பதின்மர் விடுதியிலே அமர்ந்து, சேரும் பந்தயத் தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம் விடுதி எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். இருநூறு ரூபாய் வீதம் நாற்பது ஆட்டங்கள் முடியும்போது நானூறு ரூபாய் மேசையை விட்டுப் போய்விடும். எவர் வென்றாலும் அது திரும்பாது. ஆகவே விடுதியில் ஆடுபவன் எதிரில் இருப்பவரை வென்றால் மட்டும் போதாது. விடுதியின் பங்குக்கும் மேலாக வெல்ல வேண்டும். சுழல் சக்கர ஆட்டத்தில் நிலைமை இன்னும் தெளிவு. ஐரோப்பியச் சக்கரத்தில் 37 எண்கள். வென்றால் கொடுப்பதோ ஒன்றுக்கு 35. விடுதியின் ஆதாயம் நூற்றுக்கு 2.7. அங்கே திறமைக்கு இடமே இல்லை.

மேலும், போக்கரில் தேர்ந்தோர் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடாது விலகுவர். அப்பொறுமையே அவர்தம் திறமை. புதியவனோ ஆடுவதற்கே வந்தவன். விலகியிருத்தல் அவனுக்குத் தண்டனை. ஒருமுறை இழந்தால், இழந்ததை உடனே மீட்கும் ஆவலில் இழப்பைப் பெருக்குவான். இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் வளரும் என்று வள்ளுவர் கூறியது இவ்வுளநிலையையே.

சட்டங்கள் இதனை எவ்வாறு நோக்கின? இலங்கையின் 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம், எங்கே ஆடப்படுகிறது என்று வினவியது. பொதுமக்கள் செல்லக்கூடிய இடத்திலோ, சூதாட்டத்துக்கென வைத்த இடத்திலோ பணயம் வைத்து ஆடுதல் அச்சட்டத்தின்படி குற்றமாயிருந்தது. சேவற் சண்டையும் குற்றமாயிருந்தது. பின்னர் 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் கசினோத் தொழிலை உரிமத்துக்கு உட்படுத்தியது. 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றை அமைப்பதற்கான சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இந்தியச் சட்டமோ, திறமையா தற்செயலா என்று வினவியது. ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என 1968இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டரசு 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் அப்பட்டியலை ஏற்க மறுத்தது. 2025இல் இந்திய நாடாளுமன்றம், திறமை தற்செயல் என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்தாடும் இணையவழி ஆட்டங்கள் யாவற்றையும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது.

இடம் எது, திறமை எவ்வளவு என்ற இவ்விரு வினாக்களிலும் பொருத்தமான மூன்றாவது வினா ஒன்றை நம் கரையோர வாழ்வே எழுப்புகிறது எனலாம். இழப்பை யார் தாங்குகிறார்? கடற்றொழிலும் தற்செயலுக்கு உட்பட்டதே. கரைவலையின் மடி நிறைந்தும் வரும், வெறிதாகவும் வரும். ஆயினும் அது சூதன்று. சம்மாட்டிக்கும் வலை இழுப்போர்க்கும் பங்கு உண்டு. பட்டால் யாவர்க்கும் படும், படாவிட்டால் யாவரும் குறைவர். பங்குகள் எப்போதும் நீதியானவை என்று கூறுவதற்கில்லை. எனினும் தற்செயலைப் பலர் தோளில் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாடு அது. அயலார் கூடிப் பணம் சேர்த்து முறைவைத்து எடுக்கும் ஏற்பாட்டுக்கும் ஈழத்தில் சீட்டு என்றே பெயர். சூது இவற்றுக்கு மறுதலை. பலருடைய பணத்தை ஒருவரிடமோ ஒரு நிறுவனத்திடமோ குவித்து, இழப்பை ஒருவனிடமும் அவனை நம்பிய குடும்பத்திடமும் விட்டுவிடுவது.

2009இல் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்ததைச் சூதாட்டம் என்று உவமிப்பாரும் உளர். அவ்வுவமை பொருந்தாது. சூதாடுபவன் தானே மேசைக்கு வந்தவன். அம்மக்கள் எவ்வாட்டத்துக்கும் உடன்பட்டு அங்கு வந்தவரல்லர். அவர்கள் இழந்தவை அவர்கள் வைத்த பணயம் அல்ல. சில ஆண்டுகள் கழித்து அவர்களுட் பலர் அதே நிலத்துக்கு மீண்டு, வலையையும் வள்ளத்தையும் புதிதாகத் தேடினர். சூது பற்றிய அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர், இழக்குந்தோறும் சூதனுக்குக் காதல் மிகுவது போலத் துன்புறுந்தோறும் உயிர்க்கு வாழ்வின்மேற் காதல் மிகும் என்கிறார். பத்துக் குறளின் முடிவில் சூதை விட்டு உயிரைப் பேசும் அத்திருப்பத்தின் பொருளை அக்கரையிற் காணலாம்.

இவ்வாறு மீண்டு சேர்த்த சிறு பொருளை நோக்கியே இன்று புதிய மேசைகள் வருகின்றன. கொழும்பின் விடுதிக்குச் செல்லப் பயணச்செலவும் துணிவும் வேண்டும். கைப்பேசியிலுள்ள மேசைக்கு இரண்டும் வேண்டியதில்லை. திண்ணையில் நால்வர் அமர்ந்தாடும்போது, எதிரில் இருப்பவன் எவ்வளவு தாங்குவான் என்பது மற்றை மூவர்க்கும் தெரியும். இனிப் போதும் என்று சொல்லவும் ஒருவர் இருப்பார். கைப்பேசியின் மேசையில் அதைச் சொல்வார் இல்லை. முந்நூற்று நான்கை நம் இளைஞர் ஆடுதல் தவறன்று; அதன் கணக்கையும் உய்த்துணர்வையும் பேணுதல் நன்றே. ஆட்டம் முடிந்து எழும்போது பணம் எவரிடம் போயிற்று, இழப்பை எவர் சுமக்கிறார் என்று கேட்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்துப் பழகுவார்களாயின், விளையாட்டு விளையாட்டாகவே நிற்கும்.