சிரிப்புக்கு ஒரு வழக்கு

அங்கதத்தைத் தொல்காப்பியர் இரண்டாக வகுத்தார். வெளிப்படையாக வைவது ஒன்று. வசையைக் கரந்து சொல்வது மற்றொன்று. உயர்தர வகுப்பில் இப்பகுதியைப் படிப்பிக்கும் போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் தமிழ்ப் புலவரல்லர். இலண்டனில் சிறு புத்தகக்கடை வைத்திருந்த வில்லியம் ஹோன்.

1817ஆம் ஆண்டு. நெப்போலியனுடனான போர் முடிந்து இரண்டாண்டுகள் சென்றிருந்தன. இங்கிலாந்தில் வேலையில்லை; பாண் விலையோ ஏறிக்கிடந்தது. பத்திரிகை முத்திரை வரி 1815இல் நான்கு பென்ஸாக உயர்ந்தமையால் செய்தித்தாள் தொழிலாளிக்கு எட்டாக்கனியாயிற்று. அவ்விடத்தை மலிவான துண்டுப் பிரசுரங்கள் நிரப்பின. ஹோன் அத்தகைய மூன்றினை வெளியிட்டார். திருச்சபையின் ஞானோபதேசம், மன்றாட்டு, விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றின் நடையிலேயே மந்திரிமாரையும், வேலை செய்யாமல் அரச சம்பளம் பெறுவோரையும் எள்ளிய எழுத்துக்கள் அவை.

அரசு அவர்மீது தெய்வ நிந்தனை வழக்குத் தொடுத்தது. மந்திரிமாரை இகழ்ந்தார் என்று மட்டும் வழக்காடினால் மந்திரிமாரின் சீர்கேடே மன்றில் பேசுபொருளாகிவிடும். அதனாலேயே தெய்வத்தைத் துணைக்கு அழைத்தார்கள் என்பது என் எண்ணம்.

டிசெம்பர் 18, 19, 20. மூன்று பிரசுரங்களுக்கு மூன்று நாள், மூன்று விசாரணை. சட்டத்தரணி வைக்கப் பணமில்லாத ஹோன் பழம் புத்தகங்களை மேசைமீது அடுக்கிவைத்துத் தாமே வாதாடினார். வேதநடையைப் போலிசெய்வது புதிதன்று, மார்ட்டின் லூதரே செய்தார் என்று எடுத்துக் காட்டினார். அன்றைய அமைச்சரவையிலிருந்த ஜோர்ஜ் கனிங்கும் முன்னர் அரசின் எதிரிகளைத் தாக்க அவ்வாறு எழுதியவரே. அவர் ஏன் இக்கூண்டில் நிற்கவில்லை என்று கேட்டார். எடுத்துக்காட்டுகளை அவர் வாசிக்க வாசிக்க மன்றில் சிரிப்பொலி எழுந்தது. சிரிப்பவர்களைப் பிடிக்கும்படி உத்தரவிட்டும் அது அடங்கவில்லை.

முதல்நாள் நீதிபதி அபட். தீர்ப்பு: குற்றவாளியல்லர். மறுநாள் நோயுற்றிருந்த பிரதம நீதியரசர் எல்லன்பரோ பிரபுவே ஆசனத்தில் வந்தமர்ந்தார். இது மிகக் கொடிய நிந்தனை என்பதே தம் கருத்தென்றும், யூரர்கள் கிறிஸ்தவர்களாகையால் அவ்வாறே கருதுவர் என்றும் அறிவுறுத்தினார். அவர்களோ மீண்டும் விடுதலை என்றனர். களைத்துச் சோர்ந்திருந்த ஹோன் மூன்றாம் நாளும் மணிக்கணக்காகப் பேசினார். மூன்றாம் முறையும் விடுதலை.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. முன்னாளில், பிரசுரத்தை வெளியிட்டவர் இவர்தானா என்பதை மட்டுமே யூரர் சொல்லலாம். அது குற்றமா என்பதை நீதிபதி தீர்மானிப்பார். 1792இல் வந்த பொக்ஸின் சட்டம் முழுத் தீர்ப்பையும் யூரர் கையில் கொடுத்தது. அச்சட்டம் இல்லையேல் ஹோனின் நாவன்மை பயன்பட்டிராது.

சைவப் பிள்ளையாக வளர்ந்த எனக்கு இக்கதையில் ஒரு சங்கடமும் உண்டு. சிவபுராணத்தின் நடையில் ஒருவர் மந்திரியைப் பாடினால் நான் சிரிப்பேனா? சிரிப்பேன், சிரித்தபின் சற்றே கூசுவேன். ஹோனுக்கும் அக்கூச்சம் தெரிந்திருந்தது. பக்தர் மனம் புண்படுவதை அறிந்து, வழக்கு வருமுன்பே, பெப்ரவரியில் அவர் விற்பனையை நிறுத்தியிருந்தார். அவற்றை மறுபதிப்புச் செய்து விற்ற ரிச்சார்ட் கார்லைல் பதினெட்டு வாரம் சிறையிலிருந்தார்.

எல்லன்பரோ மறு ஆண்டே காலமானார். ஹோனின் வழக்கே அவரைக் கொன்றதென்று ஊர் பேசியது. ஹோனோ 1819இல், மஞ்செஸ்டர் மைதானத்தில் மக்கள் வெட்டுண்ட பின்னர், குழந்தைப் பாட்டொன்றின் நடையில் இன்னொரு பிரசுரம் வெளியிட்டார். படங்களை வரைந்தவர் ஜோர்ஜ் குரூக்ஷாங்க். அது சில மாதங்களில் ஓரிலட்சம் பிரதிகளுக்குக் குறையாமல் விற்றதாகச் சொல்வர். அப்படியிருந்தும் ஹோன் பிற்காலத்தில் கடனாளியாகிச் சிறை கண்டார். 1842இல் அவர் இறந்தபோது சவ ஊர்வலத்தில் குரூக்ஷாங்குடன் சென்றவர்களுள் முப்பது வயதான ஓர் எழுத்தாளரும் இருந்தார். அவர் சார்ள்ஸ் டிக்கன்ஸ்.