பெண் கத்னா: பெற்றோர் நோக்கு

இலங்கைச் சோனகர், மலாயர், தாவூதி போரா ஆகிய முஸ்லிம் சமூகங்களில் பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் செய்யப்படும் வெட்டுச் சடங்கு. சுன்னத்து என்றும் வழங்கும். சோனகர், மலாயர் குடும்பங்களில் பெரும்பாலும் குழந்தை பிறந்து 40ஆம் நாளையொட்டி, ‘ஒஸ்தா மாமி’ எனப்படும் பெண் செய்வார். போராக்கள் ஏறத்தாழ 7 வயதில் செய்வர். ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் போன்ற வளைகுடா நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு.

பெற்றோர் நோக்கு: ஆதரிப்போர் இதை மார்க்கக் கடமை, தூய்மை, முன்னோர் வழக்கம் என்கின்றனர். சுன்னி இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளுள் ஒன்றான ஷாஃபி மத்ஹபின் பரவலான கருத்து இதைக் கடமையாகக் கொள்கிறது. ‘சிறு கீறல்தான், தீங்கில்லை’ என்பது தாய்மாரும் பாட்டிமாரும் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். முடிவு பெண்களிடையே எடுக்கப்படுவதால் தந்தையர் பலர் இதை அறிவதில்லை. எதிர்க்கும் பெற்றோர், குர்ஆனில் இதற்குக் கட்டளை இல்லை என்பதையும், தாங்கள் பட்ட வலி மகளுக்கு வேண்டாம் என்பதையும் முன்வைக்கின்றனர்.

மார்க்கமும் சட்டமும்: மார்க்க அறிஞர்களின் அமைப்பான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2008இல் இதைக் கடமை என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வழங்கியது. எகிப்தின் அல்-அஸ்ஹர் உயர் ஆய்வு மன்றமோ, ஷரீஅத்தில் இதற்கு அடிப்படை இல்லை என 2007இல் அறிவித்தது. 2018 மே மாதம் இலங்கைச் சுகாதார அமைச்சு, மருத்துவப் பணியாளர்கள் இதைச் செய்யக் கூடாதெனச் சுற்றறிக்கை விட்டது.

மதிப்பீடு: உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் சிறு கீறலும் பெண் உறுப்புச் சிதைப்பே. இதனால் உடல்நல நன்மை எதுவும் இல்லை. பெற்றோரின் நல்லெண்ணம் குழந்தையின் சம்மதத்துக்கு ஈடாகாது.