மலையுச்சியில் எஞ்சிய மரம்

கனடாவிலும் சைபீரியாவிலும் ஃபிர் மரம் சமவெளியிலேயே பெருங்காடாக வளர்கிறது. தெற்கே செல்லச் செல்ல, அதே மரம் மலையேறி விடுகிறது. இமயத்தின் உயர்ந்த சரிவுகளிலும், தைவானில் 3,000 மீட்டரை ஒட்டிய முகடுகளிலும், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் நாடுகளின் குளிர்ந்த மலைகளிலுமே அதனைக் காண முடிகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இயற்கையாக வளரும் ஃபிர் ஒன்றேனும் இல்லை. ஏறத்தாழ 50 இனங்களாகப் பிரிந்துள்ள இம்மரம், தென்பகுதிகளில் மட்டும் கடலிடைத் தீவுகளைப் போலச் சிதறிக் கிடப்பது ஏன்? விடையை அதன் பழைய வரலாற்றில் தேட வேண்டும்.

அவ்வரலாற்றைப் படித்தறிதல் எளிதன்று. பைன் மரத்தின் கூம்புக்காய் முழுமையாக மண்ணில் வீழும். ஃபிர் மரத்தின் கூம்போ கிளையின்மேல் விளக்கைப் போல நிமிர்ந்து நின்று, முதிர்ந்ததும் அங்கேயே உதிர்ந்து போகும். நடுத்தண்டு மட்டும் கிளையில் எஞ்சும். ஆதலின் முழுக்கூம்பு பாறையில் பதிவது அரிது. தனிச் செதில், சிறகுள்ள விதை, ஊசியிலை, மகரந்தத்தூள் ஆகியவற்றைக் கொண்டே அறிஞர் இதன் தொன்மையை ஆராய்கின்றனர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரிபப்ளிக் என்னும் ஊரின் பண்டைய ஏரிப்படிவுகள் ஏறத்தாழ 4 கோடியே 90 இலட்சம் ஆண்டுப் பழைமை வாய்ந்தவை. அங்குக் கிடைத்த புதைபடிவங்களுக்கு ஷோர்ன், வேர் என்னும் இருவர் 1986இல் ‘ஏபியஸ் மில்லெரி’ எனப் பெயரிட்டனர். ஃபிர் மரத்தின் மிகத் தொன்மையான சான்றுகளுள் இதுவும் ஒன்றாகும்.

பின்னர், ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பனியூழிகள் தொடங்கின. குளிர் மிகுந்தபோது தென்னாட்டு ஃபிர் காடுகள் மலையிலிருந்து கீழிறங்கிப் பரவின. வெப்பம் மிகுந்தபோது மீண்டும் மலையேறின. ஐரோப்பாவின் வெள்ளி ஃபிர், இத்தாலியிலும் பால்கன் பகுதியிலும் ஒதுங்கி உயிர் பிழைத்தது. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனிக்காலம் முடிந்தபின், அது படிப்படியாக வடக்கே திரும்பிய கதையை ஏரிச்சேற்றில் படிந்த மகரந்தம் எடுத்துரைக்கிறது. வடக்கே செல்ல வழியற்றவை மலைகளில் தங்கின. ஸ்பெயின், மொரோக்கோ, அல்ஜீரியா, கிரேக்கம், துருக்கி ஆகிய நாடுகளின் மலைகளில் தனித்தனி ஃபிர் வகைகள் வளர்வதற்கு இத்தகைய பிரிவும் ஒரு காரணமாகும்.

மலையில் தங்கியவற்றுக்கும் நிலையான பாதுகாப்பு அமையவில்லை. சிசிலித் தீவின் மதோனியே மலையில் வளரும் ஃபிர், மனிதர் வெட்டியதால் அழிந்தே போயிற்று என 1900ஆம் ஆண்டளவில் கருதப்பட்டது. 1957இல் மீண்டும் கண்டறியப்பட்ட அவ்வினத்தில், இயற்கையாக வளர்ந்து முதிர்ந்த மரங்கள் ஏறத்தாழ 30 மட்டுமே உள்ளன. சீனாவின் செஜியாங் மாநிலத்தில் 1963இல் கண்டறியப்பட்ட பைஷான்சு ஃபிரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. காட்டில் எஞ்சிய முதிர்ந்த மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முற்காலத்தில் தட்பவெப்பம் மாறியபோது, விதைவழி மெல்ல இடம்பெயர ஃபிர் மரத்துக்குப் பல நூற்றாண்டுகள் கிடைத்தன. இன்றைய வெப்ப உயர்வோ சில பத்தாண்டுகளில் நிகழ்கிறது. உச்சியை அடைந்துவிட்ட மரத்துக்கு இனி ஏறுவதற்கு இடமில்லை. விதை சேகரித்து, நாற்று வளர்த்து, ஒட்டுக்கட்டிக் காக்கும் பணி சிசிலியில் நடைபெற்று வருகிறது. பனியூழிகளைத் தாங்கி நின்ற மரம், இன்று மனிதர் கையை நம்பி நிற்கிறது.