எரிதமும் மரைன் ஹில்லில் இருந்து வந்த மடலும்

மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால் பாதிக்குப் பாதி குப்பை என்று அலுத்துக்கொள்ளாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. (ஸ்பாமுக்கு எரிதம் என்று பெயர் வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்!) இந்தக் குப்பைக்கும், அதைக் கூட்ட நாம் எழுதிவைக்கும் விதிகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் என் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு.

முதல் எரிதம் 1978 மே மாதம் கிளம்பியது. கேரி துர்க் என்பவர் தன் கணினிக் கம்பெனிக்கு விளம்பரமாக, அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலைத் தட்டிவிட்டார். வாங்கிக்கட்டிக்கொண்டார் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த பெரிய கூத்து 1994 ஏப்ரலில். அரிசோனா வக்கீல் தம்பதி ஒன்று ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டது. என்ன விளம்பரம் தெரியுமா? கிரீன் கார்டு லாட்டரி! யாருக்கு வலை விரித்தார்கள் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்?

குப்பை வந்தால் விளக்குமாறும் வரும். 1990-லேயே புரோக்மெயில் வந்துவிட்டது. அனுப்பியவர், தலைப்பு இவற்றைப் பார்த்து மடலைப் பிரித்துப் போடும். அதன் விதிகளுக்கு ரெசிபி, அதாவது சமையல் குறிப்பு என்றுதான் பெயர். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒரு விதி மடலை ஒரு பெட்டியில் போட்டுவிட்டால் பொதுவாக அதோடு சரி, கீழே இருக்கும் விதிக்கு வேலை கிடையாது. இந்த வரிசை விஷயம்தான் பின்னால் என் காலை வாரியது. 2001-ல் வந்த ஸ்பாம் அசாசின், ஒவ்வொரு விதிக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தது. 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம், 18-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டுவந்தார். உங்கள் குப்பையில் வரும் சொற்கள் எவை, நல்ல மடலில் வருபவை எவை என்று வடிகட்டியே கற்றுக்கொள்ளும்.

நான் இவ்வளவு தூரம் போகவில்லை. ரஷ்ய, சீன எரிதம் பூச்சி பூச்சியாக வந்து உயிரை வாங்கியதால், 'தலைப்பில் படிக்க முடியாத எழுத்து இருந்தால் குப்பைக்கு' என்று முதல் விதியாகப் போட்டுவிட்டேன். பெரிய சாதனை செய்த நினைப்பு வேறு.

2004 டிசம்பர் 26. சுனாமி. எங்கள் வீடு போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில். மேட்டுப் பகுதிதான், ஆனாலும் தொலைபேசி கிடைக்கவில்லை. டிவியில் நிகோபார் பற்றி வந்த செய்தியைப் பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது. நிமிடத்துக்கு ஒரு தரம் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஆறாம் நாள், ஏதோ தோன்றிக் குப்பைப் பெட்டியைத் திறந்தேன். வயாகராவுக்கும் நைஜீரிய இளவரசருக்கும் நடுவில் சித்தப்பாவின் மடல். பிரவுசிங் சென்டர் பையனிடம் சொல்லி, திஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்யவைத்திருக்கிறார். "டேய் தம்பி, எல்லாரும் நல்லாயிருக்கோம். பயப்படாதே." வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. என் விதிக்குத் தமிழும் படிக்க முடியாத எழுத்துதான்! அவர் முகவரி என் தொடர்புப் பட்டியலில் இருந்தது. 'பட்டியலில் இருப்பவர் மடலைத் தொடாதே' என்ற விதியை முதலில் வைத்திருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சம்.

இப்போது தமிழ் யூனிகோடுக்கு வந்துவிட்டது. சென்னையில் இருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் அந்தமானை இணைத்தது. 2024-ல் ஊர் பெயரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. வடிகட்டிகளும் கெட்டிக்காரத்தனமாகிவிட்டன. ஆனால் அவையும் ஊகம்தான் செய்கின்றன. உங்கள் சித்தப்பா யார் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

அதனால் வீட்டு மனிதர்களின் முகவரிகளுக்கு முதல் விதி எழுதுங்கள். குப்பைக்கான விதிகள் அதற்குக் கீழே இருக்கட்டும். வாரம் ஒருமுறை குப்பைப் பெட்டியையும் எட்டிப் பாருங்கள். நான் இன்றைக்கும் ஞாயிறு காலை காப்பியோடு அதைத்தான் செய்கிறேன்.