தேக்காவுக்குச் செய்தி வந்த வழி

1986 மார்ச் 15, சனிக்கிழமை. நண்பகலுக்கு முன்பே, சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் மூலையில் நின்ற ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமாகிவிட்டது. ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த கட்டடம் அது. எங்கள் மாலைக்கடை தேக்கா வட்டாரத்தில், பஃபலோ ரோட்டில். அங்கிருந்து ஓவன் ரோட்டுக்கு நடந்தே போய்விடலாம். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் வெடிகுண்டு என்றார். இன்னொருவர் கேஸ் வெடித்துவிட்டது என்றார். அப்பா சரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ராத்திரி செய்தியில சொல்லுவாங்க. அதுவரைக்கும் யாரும் எதையும் கிளப்பிவிடாதீங்க" என்றார்.

இரவு தமிழ்ச் செய்தியில் எங்கள் சாலை வந்தது. தீபாவளி விளக்கு இல்லாத, தைப்பூசக் காவடி இல்லாத ஒரு நாளில் சிராங்கூன் ரோட்டைத் திரையில் பார்ப்பது வீட்டில் எல்லோருக்கும் புதிது. அடுத்த சில நாள்கள் அந்த இடிபாடுகளைத்தான் நாடே பார்த்தது. அப்போது பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் தாமாக வந்து இடிபாட்டுக்கடியில் குடைந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள், 33 பேர் மாண்டார்கள். கட்டடம் தன் எடையையே தாங்கும்படி கணக்குப் போடப்படவில்லை என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. குண்டும் இல்லை, கேஸும் இல்லை. ஒரு வட்டாரத்துக்கு அதன் சொந்தச் செய்தி அதன் சொந்த மொழியில் உடனுக்குடன் கிடைத்தால் வதந்திக்கு எவ்வளவு குறைவாக இடமிருக்கும் என்பதை நான் பார்த்தது அந்த வாரத்தில்தான். அதற்கு முன்னும் பின்னும் அது எங்களுக்கு எப்போது கிடைத்தது, எப்போது கிடைக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 பிப்ரவரி 15ஆம் தேதி. விக்டோரியா நினைவு மண்டபத்தில் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்னம் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே இரண்டாவது ஒளிவழி வந்துவிட்டது. மலாயும் ஆங்கிலமும் ஐந்தாம் ஒளிவழிக்குப் போயின. சீனத்தோடு தமிழ் எட்டாம் ஒளிவழிக்கு வந்தது. வீட்டில் பெட்டி வாங்க வசதி இருந்த தமிழர் அப்போது எத்தனை பேர்! சமூக மன்றங்களில் அரசாங்கம் வைத்த பெட்டிக்கு முன்னால்தான் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். மாடு கட்டும் தொழிலில் மிச்சமிருந்தவர்கள், துறைமுகக் கூலிகள், நகராட்சித் துப்புரவாளர்கள் எல்லோரும் வேலை முடிந்து வந்து பின்னால் நிற்பார்கள். தமிழ் நேரம் வரும்போது முன்னால் இருப்பவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

பெட்டி வந்து ஒன்றரை ஆண்டுக்குள் அதற்குப் பெரிய சோதனை வந்தது. 1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே கலவரம் மூண்டது. இரவு ஒன்பதரை மணிக்கு ஊரடங்கு. அதற்குப் பின் பிரதமர் லீ குவான் இயூ வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசி அமைதி காக்கச் சொன்னார். எனக்கு அப்போது ஏழு வயது. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளும் போட்டு, மேசையையும் இழுத்துப் போட்டது நினைவிருக்கிறது. அடுத்த தெருவில் என்ன நடக்கிறது என்று சொல்ல அன்று எங்களிடம் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டு வானொலி இருந்தது. அதைச் சுவரோடு காதை வைத்துக் கேட்டோம்.

எழுபதுகளில் குற்றச் செய்தி என்றால் அது பத்திரிகையின் சொத்து. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு கடைக்கு வரும். அடி, குத்து, ரகசியக் கும்பல், வழக்கு எல்லாம் அதில் எழுத்தாக இருக்கும். தொலைக்காட்சியில் அதே செய்தி சில வரிகளில் முடிந்துபோகும். காரணம் எளிது. இங்கே நீதிமன்றத்துக்குள் கேமரா போக முடியாது. படம் இல்லாத செய்திக்குத் தொலைக்காட்சி எப்படி இடம் கொடுக்கும்? அதனால் வருடக்கணக்காக நாங்கள் பார்த்த குற்றப்படம் ஒன்றே ஒன்றுதான்: அப்பர் கிராஸ் ஸ்திரீட்டில் 1975இல் திறந்த அந்த எண்கோண நீதிமன்றக் கட்டடம். கைவிலங்கை மறைத்துத் தலை குனிந்து யாரோ நடந்துபோவார். பின்னணியில் குரல் குற்றச்சாட்டை வாசிக்கும். குற்றம் நடந்த தெரு, அங்கே குடியிருப்பவர், அடிபட்டவரின் வீடு எதுவும் திரைக்கு வராது. சட்டம் நடக்கிறது என்று மட்டும் தெரியும். பேட்டை என்ன ஆனது என்று தெரியாது.

எண்பதுகளில் நிலைமை மாறியது. மாற்றியவர்கள் போலிசார். 1981இல் தேசியக் குற்றத் தடுப்பு மன்றம் வந்தது. 1983இல் ஜப்பானைப் பார்த்து முதல் அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்தைத் தோ பாயோவின் கே போங் வட்டாரத்தில் திறந்தார்கள். அதுவரை ரோந்து வண்டியில் போன போலிஸ்காரர் இனி சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார். 1986இல், ஹோட்டல் விழுந்த அதே ஆண்டில், கிரைம்வாட்ச் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. தீர்த்து வைத்த வழக்கை நடிகர்களை வைத்து மீண்டும் நடத்திக் காட்டுவார்கள். தீராத வழக்குக்குச் சாட்சி கேட்பார்கள். பிறகு அது தமிழிலும் வந்தது.

அந்த நிகழ்ச்சியால் நன்மை உண்டு. மின்தூக்கியில் தெரியாத ஆளோடு தனியாக ஏறாதே, சங்கிலியை முந்தானைக்குள் வை, கதவு திறக்கும்முன் கேட்டுத் தெரிந்துகொள் என்றெல்லாம் அம்மா எங்களுக்குச் சொன்னது அதைப் பார்த்துத்தான். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, சீனம் தெரியாது. தன் வீட்டுக் கதவைப் பற்றிய எச்சரிக்கையை அவர் தன் மொழியில் கேட்டார். அது சிறிய காரியம் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதில் கேள்வி கேட்பவர் எப்போதும் போலிசார், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். எங்கள் தெருவுக்குப் போலிசாரிடம் கேட்க ஒன்றுமே இல்லையா? பின்சந்தில் விளக்கு ஏன் எரியவில்லை, டெஸ்கர் ரோட்டுப் பக்கம் பெண்பிள்ளை தனியாக நடக்க எப்போது முடியும் என்று கேட்க அந்த அரைமணியில் இடமில்லை. கதை முடியும்போது குற்றவாளி பிடிபட்டிருப்பார். நகை பறிபோன கிழவி அதற்கப்புறம் எப்படிச் சந்தைக்குப் போனார் என்பது கதையில் சேராது.

தமிழ் நேரம் இதற்கிடையில் இடம் மாறிக்கொண்டே இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பிரைம் 12 ஒளிவழிக்குப் போனது. 2000இல் சென்ட்ரல் ஒளிவழியில் வசந்தம் என்ற பெயரோடு ஒரு பகுதி கிடைத்தது. 2008 அக்டோபர் 19இல்தான் வசந்தம் தனி ஒளிவழி ஆனது. தொலைக்காட்சி தொடங்கி நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு!

அந்தக் காலத்தில்தான் தேக்காவின் ஞாயிற்றுக்கிழமையும் பெருத்தது. தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த பிள்ளைகள் வாரத்தில் ஒருநாள் இங்கேதான் கூடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, கோழி பிரியாணி சாப்பிட, தன் ஊர்க்காரனைப் பார்க்க. நாங்கள் அப்போது தேக்கா சந்தைக்கு மேலிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். அண்டைவீட்டார் புகார் சொன்னது நிஜம். கீழ்த்தளத்தில் குடித்துவிட்டுப் படுப்பது, படிக்கட்டில் சிறுநீர், நள்ளிரவுச் சத்தம். கடைக்காரர்கள் அந்தக் கூட்டத்தை நம்பித்தான் பிழைத்தார்கள் என்பதும் நிஜம். எங்கள் கடையிலும் ஞாயிறு மாலை ஒரு முழம் கதம்பம் வாங்கி, வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் பையன்கள் நிறையப் பேர்.

இந்த நெரிசலைப் பற்றிச் செய்தி வரும். குடியிருப்பாளர் பேசுவார், கடைக்காரர் பேசுவார், நாடாளுமன்ற உறுப்பினர் பேசுவார். நான் பார்த்தவரை, யாரைப் பற்றிப் பேச்சோ அந்தப் பையன் பேசுவது அபூர்வம். அவன் முதுகு தெரியும், கூட்டத்தின் தலைகள் தெரியும். நான்கு மொழிச் செய்தியிலும் இப்படித்தான். ஆனால் அவன் தமிழ்நாட்டுப் பையன் என்றால், மற்ற மூன்று மொழிக்காரருக்கு அவனோடு பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழ்ச் செய்தியாளருக்கு மைக் ஒன்று போதும். அதனால்தான் தமிழ்ச் செய்தியிடம் எனக்கு எதிர்பார்ப்பு கூடுதல்.

2013 டிசம்பர் 8, ஞாயிறு. இரவு எட்டரை மணித் தமிழ்ச் செய்தி முடிந்திருந்த நேரம். ஒன்பதரையை நெருங்கும்போது ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் இடத்தில், விடுதிக்குத் திரும்பும் தனியார் பேருந்தின் பின்சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது கட்டுமான ஊழியர் ஒருவர் மாண்டார். அவர் குடித்திருந்தார். பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டிருந்தார். ஓடும் பேருந்தின் பக்கத்தில் வந்து தடுமாறி விழுந்தார். இதெல்லாம் பேருந்துக் கேமராவில் இருந்தது, பிறகு விசாரணையில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில் அங்கே நின்றவர்களுக்கு அது தெரியாது. சக்கரத்துக்கடியில் தங்களில் ஒருவர் கிடக்கிறார், ஓட்டுநரையும் நேரக் கண்காணிப்பாளரையும் அதிகாரிகள் பத்திரமாக ஆம்புலன்சுக்கு அழைத்துப் போகிறார்கள். கூட்டம் கண்டது இதுதான். கல்லும் பாட்டிலும் பறந்தன. போலிஸ் வண்டிகளும் ஓர் ஆம்புலன்சும் எரிந்தன. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 1969க்குப் பிறகு சிங்கப்பூர் அப்படியொரு கலவரத்தைப் பார்த்ததில்லை.

எங்கள் சன்னலிலிருந்து புகை தெரிந்தது. தொலைக்காட்சியைப் போட்டோம். அதைவிட வேகமாகக் கைப்பேசி பேசியது. மாடிகளிலிருந்து எடுத்த காணொளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஓட்டுநர் வேண்டுமென்றே ஏற்றினார், ஆம்புலன்ஸ் காயப்பட்டவரை விட்டுவிட்டுப் போகிறது என்று ஆளுக்கொரு கதை. எங்கள் அடுக்குமாடியிலும் பரவியது. அந்தச் சாலையில் நின்ற பையன்களுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: என்ன நடந்தது, அவர் உயிரோடு இருக்கிறாரா, வண்டியோட்டியை விசாரிப்பார்களா. ஒலிபெருக்கியில் நல்ல தமிழில், ஊர்த் தமிழில், திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டிய மூன்று வரிகள். அது கலவரத்தை நிறுத்தியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கல் எறிந்தவன் செய்தது குற்றம்தான். தெரியாமையில் எரிந்த பகுதி அதில் எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2014 பிப்ரவரியில் தொடங்கி வெளிப்படையாக விசாரித்தார்கள், ஜூன் இறுதியில் அறிக்கை வந்தது. விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதையும், மதுவையும் குழு காரணமாகச் சொன்னது. சம்பளமும் விடுதி வாழ்க்கையும் காரணமில்லை என்றது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள், 25 பேர்மீது குற்றச்சாட்டு. 2015 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் இரவு பத்தரைக்குமேல் பொது இடத்தில் மது அருந்தத் தடை. தேக்காவுக்குக் கூடுதல் கட்டுப்பாடு. விசாரணை நாள்களில் எங்கள் வீட்டில் தமிழ்ச் செய்தியைத் தவறவிட்டதில்லை. சாட்சி சொன்ன தமிழர்களின் வார்த்தைகள் ஆங்கிலத்துக்குப் போய், மறுபடி தமிழுக்குத் திரும்பி எங்களிடம் வந்தன. அந்தப் பயணத்தில் கோபம் வடிந்துபோயிருந்தது, அழுகையும்தான்.

கலவரத்துக்கு அடுத்த வாரமே கேமராக்காரர்கள் தேக்காவில் நிறைந்தார்கள். வெறிச்சோடிய ஞாயிறு, மூடிய மதுக்கடை, ரோந்து போலிஸ் எல்லாம் எடுத்தார்கள். காய்கறி விற்கும் என் நண்பர், பாதி வியாபாரம் போனதைப் பற்றிப் பேசினார். நல்லது, அதுவும் செய்திதான். மாண்டவரின் ஊரிலிருந்து வந்து அதே அறையில் தங்கியிருந்தவர்கள் அந்த வாரம் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படி வேலைக்குப் போனார்கள் என்பதை நான் செய்தியில் தேடினேன்.

பிறகு 2020. கொரோனா தொற்றால் ஏப்ரல் 7 முதல் கட்டுப்பாடு. விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அடைபட்டார்கள். ஒவ்வொரு மாலையும் தொற்று எண்ணிக்கை இரண்டு வரிசையாக வந்தது. சமூகத்தில் இத்தனை, விடுதிகளில் இத்தனை. முதல் எண் குறைந்தால் மக்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில், விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது என்று தெரிந்தது. கிட்டத்தட்ட இருவரில் ஒருவர். ஆனாலும் அந்த மாதங்களில் ஒரு நல்ல காரியம் நடந்தது. விடுதிக் கட்டிலில் படுத்தபடி பையன்கள் கைப்பேசியில் தமிழ்ச் செய்தியைப் பார்த்தார்கள். பரிசோதனை எப்போது, சம்பளம் வருமா, வெளியே எப்போது விடுவார்கள் என்று அவர்களுக்காகவே தமிழில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது. எங்கள் கடைக்கு வரும் பட்டுக்கோட்டைப் பையன் ஒருவன், "அண்ணே, அந்த நேரத்துல எங்களுக்குன்னு பேசுனது அந்தச் செய்திதான்" என்றான். இருந்த இடத்துக்கே அவனைத் தேடிச் செய்தி வந்த முதல் முறை அது.

இப்போது குற்றமே இடம் மாறிவிட்டது. 2024இல் மட்டும் மோசடியில் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்கும் மேல். சங்கிலி பறிப்பவனைவிடத் தொலைபேசியில் 'போலிஸ் பேசுகிறேன்' என்பவன் பெரிய திருடன். அவனிடம் அடுக்குமாடிக் கிழவியும் ஏமாறுகிறார், ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்த விடுதிப் பையனும் ஏமாறுகிறான். வயதானவர் இழந்ததைச் செய்தியில் பார்க்கிறேன். அந்தப் பையன் இழந்ததையும் பார்க்க வேண்டும். முகவருக்குக் கட்டிய கடனே தீராத நிலையில் அந்தப் பணம் போனால் அவன் வீட்டில் என்ன ஆகும் என்று, ஊரில் ஒரு வாசலில் நின்று கேட்கவும் வேண்டும்.

தமிழ்ச் செய்தியாளர்களில் இளைஞர்கள் பலர் கடைக்கு வருகிறார்கள். தீபாவளி விளக்கு ஏற்றும் நாளில் பேட்டி கேட்கிறார்கள், நானும் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது இது. விசேஷம் எதுவும் இல்லாத ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் புல்திடலுக்கு வாருங்கள். கடைக்காரனான என்னைக் கேட்டது போதும். பணம் அனுப்பிவிட்டு வரும் பையனிடம் மைக்கைக் கொடுங்கள். இந்த வட்டாரத்தில் அவனுக்கு எது பயம், எது குறை, யாரிடம் புகார் சொல்ல முடிகிறது, யாரிடம் முடியவில்லை என்று கேளுங்கள். கேட்டதை அன்று இரவு எட்டரை மணிக்கே போடுங்கள்.